கருப்பொருள் பேசும் திரை: மாணவர் குறும்படங்களில் கைப்பொருளும் உடையும் களமும்

முதல், கரு, உரி எனப் பாடுபொருளை மூன்றாகப் பகுத்துக் கண்டது தமிழ் இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழ்வனவும் வழங்குவனவும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருளை எண்ணிச் சொல்லுமிடத்துத் தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றைப் பெயர் சுட்டி உரைத்து, அவை போல்வன பிறவற்றுக்கும் இடமளித்தார். உள்ளத்தில் நிகழ்வதை உள்ளத்தின் சொல்லாலேயே கூறிவிடாமல், வெளியே உள்ள பொருளின்மேல் ஏற்றிக் கூறும் நெறி இது. கவிதை வாசிப்போர் யாவரும் அறிந்த நெறியே.

திரைப்படத்திற்கும் இம்மூன்றும் உண்டு. படம் எடுக்கும் இடமும் நேரமும் அதன் முதல். நடிப்பவர் கையாளும் பொருள், அணியும் உடை, இடத்தை நிரப்பும் தட்டுமுட்டுகள் ஆகியவை அதன் கரு. மாந்தரின் உணர்வு அதன் உரி. திரைத்துறையார் பேச்சில் இக்கருப்பொருள்கள் பிராப்பர்ட்டி, காஸ்ட்யூம், செட் டிரஸ்ஸிங் என வழங்குகின்றன. பெரும்படங்களில் ஒரு பொருள் பொருந்தாமற்போனால் வசனமோ பாடலோ நட்சத்திர நடிகரின் முகமோ அக்குறையை மூடிவிடும். பத்து அல்லது பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும் மாணவர் குறும்படத்திற்கு அத்தகைய போர்வை கிடையாது. நாலைந்து அடிகளில் ஓர் உலகைக் காட்ட வேண்டிய குறுந்தொகைப் புலவரின் நிலையில் நிற்பவர் அம்மாணவர். அவர் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பொருளும் சொல்லுக்கு நிகராகச் சுமை தாங்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட மாணவர் திரைப்பட வரலாறு இதற்குச் சான்றாக நிற்கிறது.

படச்சுருள் இல்லாத படங்கள்

உலகின் முதல் திரைப்படப் பள்ளி எனப் போற்றப்படும் மாஸ்கோ அரசுப் பள்ளி 1919-இல் தோன்றியது. உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய படச்சுருள் வரவில்லை. படம் எடுக்கக் கற்க வந்தவர்களுக்குப் படச்சுருளே இல்லை என்னும் நிலை. அங்கே ஆசிரியராக அமைந்தவர் லெவ் குலெஷோவ், 1899-இல் பிறந்த இளைஞர். அவர் திரைத்துறையில் நுழைந்ததே களம் அமைப்பவராகத்தான். 1916 முதல் யெவ்கேனி பாவர் என்னும் புகழ்பெற்ற இயக்குநரிடம் அரங்குகளை வரைந்து பழகியவர் அவர். தூண்களும் திரைச்சீலைகளும் மலர்க்கொத்துகளும் நிறைந்த செல்வ மாளிகைகளைத் திரையில் எழுப்பியவர் பாவர். அவரிடம் பயின்ற குலெஷோவோ நேரெதிரான முடிவுக்கு வந்தார். ஒரு காட்சித்துண்டு திரையில் நிற்பது சில நொடிகளே. அதற்குள் பார்ப்பவர் அதை ஓர் எழுத்தைப் போல் பிழையின்றிப் படித்துவிட வேண்டும். படிப்பதற்குத் தடையாவதையெல்லாம் சட்டகத்திலிருந்து விலக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

படச்சுருள் கிடைக்காத மாணாக்கர் அக்கொள்கையை மேடையில் பயின்றனர். 'படச்சுருள் இல்லாத படங்கள்' என்று அப்பயிற்சிகளுக்குப் பெயர். கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு வேண்டிய பொருளையும் உடையையும் வகுத்து, எடுக்கப்போகும் படம் போலவே பார்வையாளர்முன் நடித்துக் காட்டினர். புதோவ்கின், பர்னெட், கோக்லோவா ஆகியோர் இப்பட்டறையில் உருவானவர்கள். கேமரா இல்லாத நாளிலேயே எந்தப் பொருள் யார் கையில் எப்போது இருக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யக் கற்றனர். அப்பட்டறையின் முதல் முழுநீளப் படம் 1924-இல் வந்தது. போல்ஷ்விக்குகளின் நாட்டுக்கு வரும் மிஸ்டர் வெஸ்ட் என்னும் அமெரிக்கரைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. அவருடைய மெய்க்காவலனாகிய கௌபாய், தன் நாட்டு உடையிலேயே பனி பெய்த மாஸ்கோ வீதியில் திரிகிறான். அவன் அங்கே அயலான் என்று சொல்ல ஒரு வரியும் வேண்டியதில்லை. அவன் உடையே அதைச் சொல்லி நகைப்பையும் விளைவிக்கிறது.

குலெஷோவின் பெயரால் இன்றளவும் வழங்கும் சோதனை ஒன்று உண்டு. மொசுகின் என்னும் நடிகரின் ஒரே முகத்தை, ஒருமுறை சூப்புத் தட்டோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை விளையாடும் சிறுமியோடும் அடுத்தடுத்து இணைத்துக் காட்டினர். பார்த்தவர்கள் அம்முகத்தில் ஆழ்ந்த சிந்தனையையும் துயரையும் மகிழ்வையும் கண்டு வியந்தனர் என்று புதோவ்கின் எழுதினார். அப்படத்துண்டு இன்று இல்லை. முகத்தோடு இணைக்கப்பட்டவை எவை என்பதிலும் பிற்கால நினைவுகள் வேறுபடுகின்றன. எனினும் அச்சோதனையின் கருத்தில் ஐயமில்லை. முகம் மாறவில்லை, அருகே வைத்த பொருள் மாறியது, உணர்வும் மாறியது. கருவின் வழியே உரி புலப்படும் என்று தமிழ்ப் புலவர் கண்ட உண்மையையே ஒரு தட்டுச் சூப்பு மாஸ்கோவில் மீண்டும் மெய்ப்பித்தது எனலாம்.

கடலிலிருந்து வந்த அலமாரி

போலந்து நாட்டின் லோட்ஸ் நகரத்துத் திரைப்படப் பள்ளி 1948-இல் தொடங்கப்பெற்றது. அங்கு பயின்ற ரோமன் போலன்ஸ்கி 1958-இல் எடுத்த மாணவர் படம் 'இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்'. ஏறத்தாழ 15 நிமிடப் படம். உரையாடல் இல்லை, கொமேடாவின் இசை மட்டும் உண்டு. முதன்மை மாந்தராக நடித்த கோல்ட்பெர்க்கும் க்ளூபாவும் அப்பள்ளி மாணவர்களே. போக்கிரிகளுள் ஒருவராக இயக்குநரும் தோன்றினார். ஆள்பலமும் பொருள்பலமும் இல்லாத அப்படத்தின் முழுச் செல்வமும் கண்ணாடி பதித்த ஓர் அலமாரிதான்.

இருவர் அந்த அலமாரியைத் தூக்கிக்கொண்டு கடலிலிருந்து வெளிவருகின்றனர். ஏன் தூக்கி வருகின்றனர், எங்கே கொண்டு செல்கின்றனர் என்பது சொல்லப்படுவதில்லை. டிராமில் ஏற இடமில்லை, உணவகத்தில் இடமில்லை, விடுதியில் இடமில்லை. அவர்கள்மேல் எவருக்கும் பகையில்லை. அலமாரியோடு வந்தவர்களை ஏற்பதற்குத்தான் ஊரில் இடமில்லை. அலமாரியைப் படுக்கவைத்து அதன் கண்ணாடிமேல் மீனை வைத்து உண்ணும் காட்சி ஒன்று வருகிறது. கண்ணாடியில் வானமும் முகிலும் தெரிய, இறந்த மீன் வானத்தில் நீந்துவது போல் தோன்றுகிறது. பின்னர் அதே கண்ணாடி வேறு பணி செய்கிறது. பின்னால் பதுங்கி வரும் போக்கிரியை ஓர் இளம்பெண் அதில் கண்டு தப்புகிறாள். உண்மையைக் காட்டிய குற்றத்திற்காக அலமாரிக்காரர்கள் அடிபடுகின்றனர், கண்ணாடி உடைகிறது. இறுதியில், கடற்கரையில் ஒரு சிறுவன் வரிசை வரிசையாகச் செய்து வைத்திருக்கும் மணல் அப்பங்களை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து, இருவரும் அலமாரியோடு கடலுக்குள்ளேயே மறைகின்றனர். இப்படம் அவ்வாண்டே பிரசல்ஸ் நகரில் நடந்த சோதனைப் படப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது.

கவிதை எழுதுவோர் இதைப் படிமம் என்பர். திட்டமிடுவோரின் கண்ணுக்கு அதே அலமாரி ஒரு கணக்காகவும் தெரியும். இருவர் தூக்கி நடக்கும் எடை, உப்புநீர் தாங்கும் மரம், கேமராவையும் உடன் நிற்போரையும் காட்டிக் கொடுத்துவிடாத கண்ணாடிக் கோணம் ஆகியவற்றை முன்கூட்டியே எண்ண வேண்டும். கண்ணாடி உடையும் காட்சிக்கு முன்னுள்ளவற்றை முழுக் கண்ணாடியோடும், பின்னுள்ளவற்றை உடைந்த கண்ணாடியோடும் எடுத்தாக வேண்டும். நாட்கள் முன்பின்னாக அமையுமாயின் மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும். படிமத்துக்கும் கணக்குக்கும் இடையே முரண் இல்லை. கணக்குத் தவறியிருந்தால் அந்தப் படிமம் திரைக்கு வந்தே இராது.

ஓர் ஆப்பிளும் ஒரு நிலவறையும்

மாஸ்கோவின் அதே பள்ளியில் மிகயீல் ரோமிடம் பயின்ற ஆந்திரே தார்கோவ்ஸ்கி, 1960-இல் தம் பட்டப் படமாக 'சாலை உருளையும் வயலினும்' என்பதை முடித்தார். தலைப்பே இரண்டு பொருள்கள். சிறுவன் கையில் வயலின். தொழிலாளி கையில் சாலையைச் சமன் செய்யும் உருளை. யாழும் தொழிலும் எனத் தொல்காப்பியப் பட்டியலிலேயே இரண்டுக்கும் இடம் உண்டு. மெலிந்த மரப்பெட்டியும் கனத்த இரும்பும் அருகருகே நிற்கும்போதே அவ்விருவரின் உலகங்களும் எத்துணைத் தொலைவில் உள்ளன என்பது விளங்கிவிடுகிறது. இசைப்பள்ளியில் தன் முறைக்குக் காத்திருக்கும் சிறுவன், அங்கே அமர்ந்திருக்கும் சிறுமியின் அருகே ஓர் ஆப்பிளை வைத்துச் செல்கிறான். பாடம் முடிவதற்குள் அவள் அதை உண்டுவிடுகிறாள்; எஞ்சுவது நடுத்தண்டு மட்டும். கொடுத்ததும் ஏற்றதும் ஆகிய இரண்டையும் அந்தக் கனி ஒன்றே சொல்லிவிடுகிறது. பழக்கடையில் சில காசுக்குக் கிடைக்கும் பொருள் அது.

களத்தைப் பற்றிய பாடம் அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் லூகாஸ் 1967-இல் ஒரு குறும்படம் எடுத்தார். பெயருக்குப் பதில் எண்ணால் அழைக்கப்படும் ஒருவன், தன்னை இடைவிடாது கண்காணிக்கும் வருங்கால நகரத்திலிருந்து தப்பி ஓடுவது கதை. வருங்கால நகரை எழுப்ப மாணவரிடம் பணம் ஏது? அவர் எதையும் எழுப்பவில்லை. பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடமும், நிலத்தடி வாகன நிறுத்துமிடமும், விமான நிலைய நடைவழிகளும் அவருக்கு நகரமாயின. கடற்படையினருக்குத் திரைக்கலை கற்பிக்கும் வகுப்பில் துணைநின்றதால் அவர்களுக்குரிய வண்ணப் படச்சுருளும் கருவிகளும் கிடைத்தன. இருக்கும் இடத்தை வேறு கண்ணால் பார்ப்பதும், அங்கே நிகழ்காலத்தைக் காட்டிக் கொடுக்கும் பொருள்களை அகற்றுவதுமே அங்குக் களப்புனைவாயிற்று. அழகுபடுத்துவதற்குச் சேர்ப்பது போலவே நீக்குவதும் களப்புனைவின் ஒரு பகுதி என்பதை இப்படம் உணர்த்தும்.

பூனாவின் மாமரமும் ஒரு சேவலும்

இந்தியாவில் திரைப்படப் பயிற்சி நிறுவனம் 1960-இல் பூனாவில் தொடங்கப்பெற்றபோது, அது குடியேறிய இடம் பிரபாத் நிறுவனத்தின் பழைய படப்பிடிப்புக் கூடம். 'சந்த் துக்காராம்' போன்ற படங்களை இயக்கியவர்களுள் ஒருவரும், அடிப்படையில் ஓவியருமாகிய ஃபத்தேலால் அரங்குகள் அமைத்த மண் அது. 1960-களின் நடுப்பகுதியில் ரித்விக் கட்டக் அங்கே ஆசிரியராகவும் துணை முதல்வராகவும் இருந்தார். வளாகத்து மாமரத்தடியில் அவர் மாணவரோடு பேசிய பேச்சு இன்றும் அங்கே மரபாக நினைக்கப்படுகிறது.

அந்நிறுவனத்து மாணவர் சிதானந்த நாயக் எடுத்த கன்னடக் குறும்படம் ஒன்று, 2024-இல் கான் விழாவின் திரைப்படப் பள்ளிகளுக்கான பிரிவில் முதற்பரிசு பெற்றது. சூரியகாந்திப் பூக்களே முதலில் அறிந்தன என்னும் பொருள்படும் தலைப்புடையது அது. சேவல் கூவுவதால்தான் பொழுது விடிகிறது என்னும் நம்பிக்கையை ஒட்டிய நாட்டார் கதை அதன் மூலம். ஊர்ச் சேவலை ஒரு மூதாட்டி திருடிவிடுகிறாள். ஊருக்கு விடியலே இல்லாமற்போகிறது. நான்கே நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. ஊரையே இருளில் ஆழ்த்தும் மாபெரும் நிகழ்ச்சி, ஒரு கிழவியின் கையில் அடங்கும் பறவையால் நிகழ்த்தப்படுகிறது. கருப்பொருளுள் புள்ளுக்கு இடம் தந்த மரபினர்க்கு இது புதிதன்று. ஆயினும் உயிருள்ள பறவை மண்பானை போன்றதன்று. திரைப்படத்தில் விலங்கையோ பறவையையோ பயன்படுத்த இந்திய விலங்குநல வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும் என விதி உண்டு. அதற்குரிய நாட்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எழுத்தும் ஒரு பொருளே

தமிழ்நாட்டு மாணவர்களும் இன்று குறும்படங்களைப் பெருமளவில் எடுக்கின்றனர். படச்சுருளின் செலவு டிஜிட்டல் கேமராவால் ஒழிந்தது. பொருளைத் தேர்ந்து வைக்கும் உழைப்பு மட்டும் ஒழியவில்லை. கடந்த காலக் கதையை எடுக்கும்போது அது இரட்டிப்பாகிறது. தமிழ் அறிந்தோர் துணை வேண்டப்படும் இடமும் அதுவே.

1965-இல் நிகழும் கதையில் ஒரு கடிதம் வருவதாகக் கொள்ளலாம். உறையின்மேல் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது பிழை. அக்குறியீடு 1972 ஆகஸ்டு 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முகவரியில் தமிழ்நாடு என்று மாநிலப் பெயர் அச்சிட்ட அரசு முத்திரை இருந்தால் அதுவும் பிழை. அப்பெயர் மாற்றம் 1969 ஜனவரி 14-இல் நிகழ்ந்தது. கடைக்காரர் மீதி தரும் காசு 1957-க்கு முந்திய கதையில் அணாவாக இருக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாணயத்தில் நயா பைசா என்று பொறிக்கப்பட்டது. 1964-இல் நயா என்னும் அடைமொழி நீங்கியது. மளிகைக் கடையின் வீசைக் கல்லும் பலக் கல்லும் கிலோ எடைக்கு வழிவிட்டது 1950-களின் இறுதியிலிருந்து படிப்படியாகவே.

எழுத்தின் வடிவும் இவ்வாறே. ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவோடும் எழுதப்பட்டன. இவற்றையும் இவற்றின் ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்து 13 எழுத்துகளைச் சீர்திருத்தித் தமிழ்நாட்டரசு 1978-இல் ஆணையிட்டது. எனவே 1960-களின் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் இன்றைய வடிவம் இருப்பது பொருந்தாது. ஆனால் அக்காலத்து வீட்டுத் திண்ணையில் 'விடுதலை' ஏடு கிடந்தால் அதில் புதிய வடிவமே இருக்க வேண்டும். பெரியாரின் 'குடிஅரசு' 1935-ஆம் ஆண்டிலேயே அவ்வெழுத்துகளைக் கைக்கொண்டுவிட்டது. ஒரே ஊரில், ஒரே நாளில், இரு வகை எழுத்துகள். எந்த வீட்டில் எந்த எழுத்து என்பது அவ்வீட்டாரின் அரசியலையே சொல்லிவிடும். களப்புனைவு வரலாறாகவும் அமைவது இத்தகைய இடங்களில்தான்.

பட்டியலின் பயன்

இத்துணைப் பொருளையும் நினைவில் மட்டும் கொண்டு படம் எடுத்தல் இயலாது. கதையை வரிவரியாகப் படித்து, காட்சி தோறும் கையில் இருப்பது, உடலில் இருப்பது, இடத்தில் இருப்பது என மூன்று நிரல்களில் எழுதுவது பழகிய முறை. படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடைபெறுவதில்லை. மாலைக் காட்சியில் மை கொட்டிய சட்டை, மறுநாள் எடுக்கும் காலைக் காட்சியில் தூய்மையாக இருக்க வேண்டும். ஆகவே ஒரே வகைச் சட்டை இரண்டு வேண்டும். கடித்த ஆப்பிளை மீண்டும் முழுமையாக்க இயலாது. எத்தனை முறை எடுக்க நேருமோ அத்தனை கனிகள் வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியின் உயரமும் குடித்த காப்பியின் அளவும் ஒரே காட்சிக்குள் ஏறி இறங்கினால் பார்ப்பவர் கதையை விட்டு அவற்றையே பார்ப்பர். துறையார் கன்டினியூட்டி என்று சொல்லி ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நிழற்படம் எடுத்துக்கொள்வது இதனாலேயே. மெல்லிய நெருங்கிய கோடிட்ட துணி டிஜிட்டல் கேமராவில் அலையாக நெளிந்து தோன்றும். பட்டுப்புடவையின் சரசரப்பும் கண்ணாடி வளையலின் ஒலியும் தாழ்குரல் உரையாடலை மறைக்கும். ஆகவே துணியைக் கண்ணால் மட்டும் தேர்தல் போதாது.

மாணவர் படங்களில் பெரும்பாலான பொருள்கள் இரவலாக வருவன. அம்மாவின் கல்யாணப் புடவை, தாத்தாவின் டிரங்குப் பெட்டி, அண்டை வீட்டு அம்மி ஆகியவற்றுக்கு வாடகை இல்லை. அவற்றுக்குப் பின்னே ஒரு வாழ்வு உண்டு. டிரங்குப் பெட்டியின் மூலையில் விழுந்த நசுங்கலை எந்தக் கலை இயக்குநரும் அவ்வளவு எளிதில் செய்துவிட இயலாது. அதனால்தான் அது திரையில் உண்மையாகத் தோன்றுகிறது. அதே காரணத்தால் அது சிதைந்தால் ஈடு செய்யவும் இயலாது. வாங்கிய நாள், தந்தவர் பெயர், திருப்பித் தரும் நாள் ஆகிய மூன்றும் பட்டியலின் கடைசி நிரலாக இருத்தல் வேண்டும். படத்தின் இறுதியில் அப்பெயர்களை நன்றியோடு காட்டுவதும் கடன். மாணவர் படங்களின் வரலாற்றில் இயக்குநர் பெயர்கள் நின்றுவிட்டன. சிறுமிக்கு ஆப்பிள் வாங்கி வந்தவர் பெயரும், கண்ணாடி அலமாரியைக் கடல்வரை கொண்டு சேர்த்தவர் பெயரும் வரலாற்றில் எளிதில் இடம்பெறுவதில்லை.

வறுமையே கலையை வளர்த்தது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிடுதல் பிழையாகும். மாஸ்கோ மாணாக்கர் படச்சுருள் இன்மையை விரும்பி ஏற்றவர்கள் அல்லர், கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பர். கிடைக்காத காலத்தில் அவர்கள் கைவிடாதிருந்தது திட்டத்தை. இல்லாமை எல்லார்க்கும் பொது. அதனூடே எதை வைப்பது, எதை விலக்குவது என்று தேர்ந்த தெளிவே அவர்களை நிறுத்தியது. ஒரு சொல் மிகினும் குறையினும் கவிதை தளரும் என்று அறிந்தவர்கள் கவிஞர்கள். தம் ஊர் மாணவர் ஒருவர் பழைய பெயர்ப்பலகையில் எழுத்து எப்படி இருந்தது என்று கேட்டு வாயிலில் வந்து நின்றால், அவரிடம் தம் தொழிலின் மறுவடிவைக் கண்டு அவர்கள் கதவைத் திறக்கலாம். வீட்டில் அந்நாளைய கடித உறை ஒன்று இருந்தால் இரவலாகவும் தரலாம்.